ஒரு முதலெழுத்தின் பூர்விகம்

தமிழ்நாட்டில் ஒருவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அவருடைய தகப்பனாரைக் குறிக்கும் என்பதும், அதற்கும் முன்னால் இன்னோர் எழுத்து நிற்குமாயின் அது பெரும்பாலும் சொந்த ஊரைக் குறிக்கும் என்பதும் யாவரும் அறிந்த வழக்கம். ராஜபாளையத்து ராஜுக்களின் பெயர்களைப் படிக்கும்போது மட்டும் இந்த வழக்கம் நம்மைச் சற்றே ஏமாற்றிவிடுகிறது. 1949-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலிருந்து 1952 ஏப்ரல் வரையில் சென்னை மாகாணத்தின் முதன்மைப் பதவியை வகித்தவரும், இந்தியா குடியரசான நாளில் அந்தப் பீடத்தில் வீற்றிருந்தவருமான பூ. ச. குமாரசாமி ராஜாவின் பெயரிலே ‘ச’ என்பது சஞ்சீவி என்பதன் குறுக்கம். ‘பூ’ என்பதும் ஊரைச் சுட்டுவதுதான். ஆயின் அவ்வூர் அவர் பிறந்த ராஜபாளையமும் அன்று. அதற்கு ஏழெட்டு மைல் வடக்கே கோபுரம் உயர்த்தி நிற்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அன்று. பாண்டிய நாட்டிலோ சோழ நாட்டிலோ தேடிக் காணத்தக்க எந்த ஊரும் அன்று. கிருஷ்ணா நதி கடலை நாடிச் செல்லும் தெலுங்குப் பிரதேசத்தில், பூசபாடு என்னும் கிராமத்தின் பெயரே பூசபாட்டி என்று வீட்டுப் பெயராகி, தெற்கே வந்து தமிழ் நாவில் பூசப்பாடி என்று உருமாறி, இறுதியில் ஒரே எழுத்தாகக் குறுகி நிற்கிறது.

வீட்டுப் பெயரைத் தன் பெயருக்கு முன்னே வைத்துக்கொள்ளுதல் ஆந்திர தேசத்தின் பழைய வழக்கம். ‘இண்டிபேரு’ என்று அவர்கள் சொல்லும் அந்தப் பெயர், பல குடும்பங்களுக்கு அவர்தம் முன்னோர் ஒரு காலத்தில் வாழ்ந்த கிராமத்தின் பெயராகவே இருக்கும். கலிதிண்டி, மந்தென என்றெல்லாம் ஆந்திர ராஜுக்கள் தங்கள் பெயர்களுக்கு முன் தரித்துக்கொள்பவை யாவும் இன்றைக்கும் கிருஷ்ணா நதியின் கழிமுகப் பகுதியில் தபால் வந்து சேருகிற ஊர்கள். இதற்குத் தமிழர்களுக்கு நன்கு பழக்கமான உதாரணம் ஒன்று வேண்டுமென்றால், பாடகர் கண்டசாலாவைச் சொல்லலாம். வேங்கடேசுவர ராவ் என்னும் இட்ட பெயரை நம்மவர் எவரும் சொன்னதில்லை. அவரை நாம் ஆயுள் முழுவதும் ஒரு கிராமத்தின் பெயராலேயே அழைத்துவந்தோம் என்பதை அறிந்தவர்களும் சிலரே. ஐரோப்பாவிலும் ஜெர்மானியப் பிரபுக்கள் ‘ஃபான்’ என்றும், பிரெஞ்சுப் பிரபுக்கள் ‘ட’ என்றும் ஒரு முன்னொட்டை வைத்து ஊர்ப் பெயரைத் தம் குலப்பெயராக்கிக்கொண்டார்கள். ஆனால் அங்கே அது நிலத்தை ஆண்டதன் அடையாளமாக நின்றது. இங்கே பல குடும்பங்களுக்கு அது நிலத்தை விட்டு வந்ததன் அடையாளமாக மட்டும் எஞ்சியிருக்கிறது.

அவர்கள் ஏன் விட்டு வந்தார்கள் என்ற கேள்விக்கு ராஜபாளையத்தில் வழங்கும் பரம்பரைச் செய்தி விஜயநகரத்துப் படைகளைச் சுட்டுகிறது. 1529-ஆம் ஆண்டளவில் மதுரையில் நாயக்கராட்சி வேரூன்றியதும், அவ்வாட்சி பாளையங்களாக நாட்டை வகுத்துக் காத்ததும், 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்த பின்னர் கிருஷ்ணா நதிப் பிரதேசம் கோல்கொண்டா சுல்தான்களின் கையில் மெல்ல மெல்லச் சென்றதும் சரித்திரம் அறிந்த சங்கதிகள். இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையிலும் அவற்றுக்குப் பின்னும், வாளைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் தெற்கு நோக்கி நகர்ந்தன என்பதில் வியப்பில்லை. எந்த ஆண்டில், எந்தத் தளபதியின் பின்னால், எத்தனை பேர் என்று குடும்பக் கதைகள் சொல்லுவன ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போயிருந்தால்தான் நான் அவற்றைச் சந்தேகிப்பேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மழை நீரைத் தேக்கும் கண்மாய்களுக்கு அருகில் அவர்கள் குடியேறி, வாளை வைத்துவிட்டு ஏரைப் பிடித்து, பின்னர் பஞ்சு வியாபாரத்திலும் கால் வைத்து, 1936-இல் அதே சமூகத்தவரான பி. ஏ. சி. ராமசாமி ராஜாவின் முயற்சியால் ராஜபாளையம் மில் எழுந்த காலத்தில், தங்கள் பாளையத்தை ஒரு நூற்பாலை நகரமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். சக்கராஜா கோட்டை, சிங்கராஜா கோட்டை என்ற தெருப் பெயர்களில் மட்டும் பழைய படைக்கலச் சத்தம் இன்னும் கேட்கிறது. அந்தக் கோட்டைகளுக்குள் இன்று போகிறவர் காண்பது குடியிருப்புகளையே. வீட்டுக்குள்ளே ஒரு பழைய தெலுங்கும், வீதியிலும் ஏட்டிலும் தமிழுமாக அவர்கள் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். பேசுகிற பாஷையின் எழுத்தைப் பெரும்பாலோர் படிக்க அறியார். கடிதமும் கணக்கும் கல்யாணப் பத்திரிகையும் தமிழில்தான்.

இவ்வாறு கிருஷ்ணா நதிக்கரையிலிருந்து மக்கள் இவ்விடம் வந்து சேருவதற்கு முன்பே, இவ்விடத்துக் கதை ஒன்று அந்நதிக்கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது என்பது இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1509 முதல் 1529 வரையில் விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், கலிங்கத்துக் கஜபதியின்மேல் படையெடுத்துச் சென்ற காலத்தில், விஜயவாடாவுக்குத் தெற்கே கிருஷ்ணா நதியின் கரையிலுள்ள ஸ்ரீகாகுளம் என்னும் சிற்றூரில், ஆந்திர மகாவிஷ்ணுவின் ஆலயத்தில் ஏகாதசி விரதமிருந்து தங்கினார். (வடக்கே ஒடிஸா எல்லையருகில் உள்ள ஸ்ரீகாகுளம் வேறு; பெயர் ஒற்றுமையால் பிரயாணிகள் இரண்டையும் குழப்பிக்கொள்ளுதல் உண்டு.) அன்றிரவின் கடைசி ஜாமத்தில் பெருமாள் கனவில் தோன்றி, வடமொழியில் நூல்கள் செய்த நீ தெலுங்கில் எனக்கு ஒரு காவியம் செய்யமாட்டாயா என்று கேட்டதாகவும், எந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்பதையும் அவரே தெரிவித்ததாகவும் மன்னர் தம் நூலின் முகப்பிலே எழுதிவைத்திருக்கிறார். தெலுங்கு நாட்டுத் தெய்வம் தெலுங்கு மன்னனிடம் கேட்ட கதை, ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரின் துளசி வனத்தில் கண்டெடுக்கப்பட்டு, அரங்கனுக்குரிய மாலையைத் தான் முதலில் சூடிப் பார்த்துக் கொடுத்த பெண்ணின் கதை. ஆமுக்தமால்யதா என்று தெலுங்கு இலக்கியம் போற்றும் காவியம் அதுதான்.

அந்தக் காவியத்தின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வருணிக்கப்படும் விதம் அலாதியானது. வில்லிபுத்தூரின் நீர்க்கால்களிலே, சிறகுக்குள் தலையைச் செருகி உறங்கும் வாத்துகளை, குளித்துப் போன அந்தணர்கள் மறந்துவிட்டுச் சென்ற ஈர வேட்டிகளின் சுருள்கள் என்று காவலாளர்கள் எண்ணி, எடுத்துக் கொடுப்போம் என்று நீரில் இறங்க, அவை திடுக்கிட்டுப் பறந்து செல்லும் என்கிறார் ராயர். இந்த நாட்டுக் கண்மாய்க் கரையில் விடியற்காலையில் நின்று பார்த்தவர் எவரும் அக்காட்சியைக் கற்பனை என்று தள்ளமாட்டார்கள். அரசன் ஒருவன் காவலாளியின் ஏமாற்றத்தைக் கண்டு புன்னகைக்கக் கற்றிருந்தான் என்பதும் இலேசான செய்தியன்று. பதினொரு நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்கும் வடபத்ரசாயி கோபுரத்தைப் பற்றி நம்மவர் பேசும்போதெல்லாம், தமிழ்நாட்டு அரசின் இலச்சினையில் உள்ளது இந்தக் கோபுரமா மதுரை மேலைக் கோபுரமா என்ற வாதத்தில் பொழுதைப் போக்கிவிடுகிறார்கள். ராயரின் வாத்துகளை அவர்கள் நினைப்பதில்லை. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீடுகளிலேயே அந்நூலை மூலத்தில் படித்தவர்கள் அரியர் என்றால், எழுத்தறியாத பாஷையின் விதி அதுதான் போலும்.

ஆக, பூசப்பாடி என்ற பெயரை உடைய ஒருவர் தம் பெயரின் ஊரைக் காண வேண்டுமென்று இன்று ராஜபாளையத்தில் ரயில் ஏறுவாரேயானால், ஏறத்தாழ அந்தக் காவியத்தின் கதை போன வழியிலேயே போகிறவர் ஆவார். செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸ், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, விருதுநகர், மதுரை என்று இரவு முழுவதும் ஓடி அவரைச் சென்னை எழும்பூரில் இறக்கிவிடும். அங்கிருந்து சென்ட்ரல் நிலையத்துக்கு மாறி வடக்கே சுமார் 430 கிலோமீட்டர் போனால் விஜயவாடா. விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1927-இல்தான் என்பதை நினைத்தால், முன்னோர் வந்த தூரத்தின் கனம் சிறிது விளங்கும்.

விஜயவாடாவைச் சுற்றிலும் அவர் காணப்போவது வாய்க்கால்கள், அவற்றின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல் வயல்கள். தம் முன்னோர் இவ்வளவு வளமான நாட்டை விட்டுவிட்டு, மானாவாரிப் பருத்தி விளையும் கரிசல் காட்டை அடுத்து ஏன் குடியேறினார்கள் என்று அவருக்கு ஒரு சங்கடம் தோன்றக்கூடும். அந்தச் சங்கடத்துக்கு அவசியம் இல்லை. விஜயவாடாவில் கிருஷ்ணா நதிக்குக் குறுக்கே பெரிய அணைக்கட்டு எழுந்தது 1852-க்கும் 1855-க்கும் இடையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர்கள் கையால். இன்று நிற்கும் பிரகாசம் அணை அதற்கும் நூறாண்டு பிந்தியது. கம்பெனியின் அணைக்கட்டு எழுவதற்கு முன்னே அப்பிரதேசம் ஓராண்டு வெள்ளமும் ஓராண்டு வறட்சியுமாக அல்லாடியது. 1833-இல் நேர்ந்த குண்டூர்ப் பஞ்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். ஆகவே இன்றைய பச்சை, போனவர்கள் இழந்த பச்சை அன்று.

பூசபாட்டைக் கிருஷ்ணா ஜில்லாவின் கிராமமாகப் பழைய சமஸ்தான வரலாறுகள் குறிக்கின்றன. அங்கே போய் இறங்குகிற ஒருவர், தம் வீட்டுப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தம் உறவினர் நாலு பேர் எதிர்வந்து வரவேற்பார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் வீட்டுப் பெயர் என்ற ஏற்பாட்டின் தருக்கமே வேறு. ஓர் ஊரிலேயே நிலைத்து வாழ்கிறவனை அவ்வூர்ப் பெயரால் எவரும் அழைப்பதில்லை; அழைத்துப் பயனும் இல்லை, ஏனெனில் அங்குள்ள அனைவரும் அவ்வூரார்தாம். ஊரை விட்டு வெளியேறி இன்னோர் ஊரில் போய் நிற்கிறவனுக்குத்தான் பழைய ஊர் பெயராக ஒட்டிக்கொள்கிறது. எனவே ஒரு கிராமத்தின் பெயரைத் தாங்கிய குடும்பத்தைத் தேட அந்தக் கிராமமே தகுந்த இடம் என்று சொல்லிவிட முடியாது.

பூசபாட்டி என்ற பெயர் பெரும் புகழோடு விளங்கும் இடம் அங்கிருந்து வெகு தூரம் வடக்கே, விசாகப்பட்டினத்துக்கும் அப்பால் 60 கிலோமீட்டரில் உள்ள விஜயநகரம். ஹம்பியின் விஜயநகரத்தோடு மயங்காமலிருக்க, ஆங்கிலேயர் எழுத்தை ஒட்டி விஜியநகரம் என்றும் நம்மவர் எழுதுவதுண்டு. தெற்கே ஒரு கிளை வந்ததைப் போலவே வடக்கே ஒரு கிளை போயிற்று. அந்தக் கிளைக்குத் துணையாக நின்றது விஜயநகரப் பேரரசு அன்று, அதை வீழ்த்திய கோல்கொண்டா. சுல்தானின் பௌஜ்தார் என்னும் படை அதிகாரியாக வடக்கத்திச் ஸ்ரீகாகுளத்துக்கு வந்த ஷேர் முகம்மது கானின் பரிவாரத்தோடு, 1652-ஆம் ஆண்டில் பூசபாட்டி மாதவவர்மா என்பவர் அந்நாட்டில் புகுந்ததாகச் சமஸ்தானத்தின் வரலாறு தொடங்குகிறது. குமிலி என்ற ஊரில் இருந்தபடி சுற்றுவட்டாரத்தைத் தம் வசமாக்கிய அந்தக் குடும்பம், 1713-ஆம் ஆண்டில் புதுக் கோட்டை ஒன்றுக்குக் கால்கோள் செய்தது. வருஷம் விஜய, நாள் விஜயதசமி, கிழமை தெலுங்கில் ஜயவாரம் எனப்படும் செவ்வாய், கட்டினவர் பெயர் விஜயராம ராஜு, ஊரின் பெயரும் விஜயநகரம் என்று அவ்வூரார் ஐந்து விஜயங்களை எண்ணிச் சொல்வார்கள். பஞ்சாங்கக்காரரின் ஆசி இத்தனை நிறைவாக வாய்த்த கோட்டை வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை.

வெற்றிகள் மட்டும் அத்தனை எளிதாக வரவில்லை. 1757 ஜனவரியில், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் பீரங்கிகளைத் துணைக்கொண்டு பெத்த விஜயராம ராஜு பக்கத்துச் சமஸ்தானமான பொப்பிலியை அழித்தார். பொப்பிலியார் தங்கள் பெண்டு பிள்ளைகளைத் தாமே கொன்றுவிட்டுப் போரிட்டு மடிந்தனர். சில நாள்களுக்குள் தாண்ட்ர பாபாராயுடு என்ற பொப்பிலி வீரன் இரவில் கூடாரத்துக்குள் புகுந்து விஜயராம ராஜுவைக் குத்திக் கொன்றான். ஆந்திர நாட்டில் இன்றும் கதைப் பாட்டாகப் பாடப்படுகிற இந்தப் போரில் மக்களின் அனுதாபம் முழுவதும் தோற்ற பொப்பிலிக்கே சென்றது. அதற்கு ஒருவிதப் பிராயச்சித்தம் போல நிகழ்ந்தது 1794 ஜூலை 10-ஆம் தேதியின் பத்மநாபப் போர். பேஷ்குஷ் என்னும் கப்பப் பாக்கிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி சமஸ்தானத்தைக் கைப்பற்ற முனைந்து, அப்போது பட்டத்திலிருந்த இன்னொரு விஜயராம ராஜுவை மசூலிப்பட்டினத்துக்குப் போய் வசிக்குமாறு உத்தரவிட்டது. மசூலிப்பட்டினம் கிருஷ்ணா நதியின் கழிமுகத்தில் உள்ளது; அவருடைய வீட்டுப் பெயர் பிறந்த நாட்டுக்கே அவரைத் திருப்பி அனுப்பும் உத்தரவு அது. அதை எழுதிய துரைமார் அவ்வாறு எண்ணியிருக்கமாட்டார்கள். அவர் போக மறுத்து, தம்மோடு நின்ற ராஜுக்கள் பலர் சூழ, பத்மநாபம் என்ற கிராமத்தில் கம்பெனிப் படையை எதிர்த்து நின்று மாண்டார்.

பின்வந்த மன்னர்கள் போரைக் கைவிட்டுக் கல்வியைப் பற்றிக்கொண்டார்கள். அவ்வூரின் உண்மையான புகழ் அதன் பின்புதான் தொடங்கிற்று என்பது என் எண்ணம். 1890-க்கும் 1892-க்கும் இடையில் மாக்ஸ் முல்லரின் ரிக்வேதப் பதிப்பு இரண்டாம் முறை ஆக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்தபோது அதற்குப் பொருளுதவி செய்தவர் அம்மன்னர்களில் ஒருவரான ஆனந்த கஜபதி. அவருடைய ஆதரவில் வாழ்ந்த குரஜாட அப்பாராவின் கன்யாசுல்கம் என்ற நாடகம், பணம் வாங்கிக்கொண்டு சிறுமிகளைக் கிழவர்களுக்கு மணமுடிக்கும் வழக்கத்தைச் சந்தியில் நிறுத்தி நகைத்தது. 1919-இல் தோன்றிய சங்கீதக் கல்லூரியில் ஆதிபட்ல நாராயணதாஸர் தலைவராகவும், துவாரம் வெங்கடசுவாமி நாயுடு வயலின் ஆசிரியராகவும் அமர்ந்தார்கள்; சென்னைச் சபைகளில் துவாரத்தின் வில்லைக் கேட்டு மயங்கிய நம் பெரியவர்களுக்கு அந்த நாதம் எந்த ஊரில் முதிர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. கிருஷ்ணா நாட்டுக் கிராமத்தின் பெயரைத் தாங்கிய கண்டசாலாவும், வாரச் சாப்பாடு உண்டு, பிக்ஷை எடுத்துப் பசியாறி, அதே கல்லூரியில்தான் பாடக் கற்றார்.

ராஜபாளையத்துப் பூசப்பாடிகளும் விஜியநகரத்துப் பூசபாட்டிகளும் ஒரே மூலபுருஷனின் சந்ததிகளா என்று கேட்டால், பெயரும் வசிஷ்ட கோத்திரமும் ஆம் என்கின்றன. இடைப்பட்ட தலைமுறைகளை இணைத்துக் காட்டும் வம்சாவளிகளையோ எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். அரண்மனைப் புலவர்களுக்கு வம்சத்தை மாதவவர்மன் வரையிலும் அதற்கும் அப்பால் சூரியன் வரையிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு மாலை வேலை. கோட்டையைக் காட்டி இது எங்களவர் கட்டியது என்று பெருமை கொள்வதைவிட, ஒரே ஊர்ப் பெயரை ஒரு கிளை சுல்தானின் பரிவாரத்திலும் மற்றொன்று நாயக்கரின் பாளையத்திலும் ஏந்திச் சென்றதில் அதிக ரசம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வடக்கே போன கிளை ராஜ்யம் அடைந்து, கலிங்க வேந்தரின் கஜபதிப் பட்டத்தையும் அணிந்துகொண்டது. ராயர் 1516-இல் கஜபதியை வென்ற செய்தியைக் கல்லில் பொறித்துவிட்டுப் போன சிம்மாசலம் கோயிலின் பரம்பரைத் தர்மகர்த்தாக்களாகவும் ஆயிற்று. தெற்கே வந்த கிளைக்கு ராஜ்யம் வாய்க்கவில்லை. வாக்குச் சீட்டின் காலம் வரையில் அது காத்திருக்க வேண்டியதாயிற்று.

குமாரசாமி ராஜா 1898 ஜூலை 8-ஆம் தேதி பிறந்து, பச்சிளங் குழந்தையாக இருக்கையிலேயே தாயையும், மூன்று வயதுக்குள் தந்தையையும் இழந்து, பாட்டியின் கையில் வளர்ந்தவர். அவருடைய அமைச்சரவையின் காலத்தில் 1950-இல் கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. 1952-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், ராயருக்குக் காவியம் கொடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதி அவருக்கு வெற்றி கொடுக்க மறுத்துவிட்டது. ஆண்டு இரண்டு கழிந்து, 1954 பிப்ரவரியில் அவர் ஒரிஸ்ஸாவின் கவர்னராக நியமிக்கப்பட்டார். பழைய கஜபதிகளின் நாட்டுக்குப் பூசபாட்டி ஒருவர், படையோ பீரங்கியோ இன்றி, குடியரசுத் தலைவரின் கடிதத்தோடு போனார். சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் ரயில்கள் விஜயவாடாவையும் விஜியநகரத்தையும் கடந்துதான் அந்நாட்டுக்குள் நுழைகின்றன. விஜியநகர வம்சத்தின் அசோக் கஜபதி ராஜுவும், 2014 முதல் 2018 வரை மத்திய விமானப் போக்குவரத்து மந்திரியாக இருந்து, 2025 ஜூலையில் கோவாவின் கவர்னரானார். ஆகவே இந்த ஒரு வீட்டுப் பெயர், எழுபது ஆண்டு இடைவெளியில், கீழைக் கடற்கரையிலும் மேலைக் கடற்கரையிலும் ராஜபவனங்களுக்குள் நுழைந்திருக்கிறது.

1956-இல் குமாரசாமி ராஜா பதவியை விட்டு ஊர் திரும்பினார். 1957 மார்ச்சில் காலமானார். ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டைப் பொதுமக்களுக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டார். காந்தி கலை மன்றம் என்ற பெயரில் அது விளங்குகிறது.